ஆய்வக இறைச்சியின் பசுமைக் கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

விலங்கு செல்களைத் தொட்டியில் வளர்ப்பதுதான் என் பிழைப்பு. இறைச்சிக்காக இல்லை, மருந்துக்காக. சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து 1950களில் எடுக்கப்பட்ட ஒரு செல் வகை இன்றும் உலகெங்கும் தொட்டிகளில் பெருகிக்கொண்டிருக்கிறது. ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பங்கு அந்தச் செல்களுக்குள்தான் உருவாகிறது. அவற்றுக்குத் தீனி போட்டு, சூடு பார்த்து, கிருமி அண்டாமல் காப்பது என் வேலை. அதனால் ஆய்வக இறைச்சியைப் பற்றி ஏதாவது செய்தி வந்தால், தெரிந்தவர்கள் அதை எனக்குத்தான் அனுப்புகிறார்கள். "மாடு இல்லாமல் மாட்டிறைச்சியாம், மாசு 90 சதவீதம் குறையுமாம், நிஜமா?"

ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் ஒரு தாள், ஒரு பேனா, பெருக்கல் கணக்குப் போடுகிற அளவுக்குப் பொறுமை, இவை போதும், நீங்களே சரிபார்த்துவிடலாம். நான் எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் செய்முறையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

விலங்கின் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு ஒன்றை எடுக்கிறார்கள். தசைநாரின் ஓரத்தில் துணைச் செல்கள் என்று ஒரு கூட்டம் இருக்கும். தசை காயப்பட்டால் விழித்தெழுந்து பெருகி அதைச் சரிசெய்வது அவற்றின் வேலை. அவற்றைப் பிரித்தெடுத்து, சர்க்கரை, அமினோ அமிலங்கள், உப்புகள், வைட்டமின்கள், வளர்ச்சிப் புரதங்கள் எல்லாம் கரைத்த நீரில் விடுகிறார்கள். அந்த நீரை நாங்கள் மீடியா என்போம். பாலூட்டிச் செல் என்றால் 37 டிகிரி செல்சியஸ், அமிலத்தன்மை 7.4க்கு அருகில், கரைந்த ஆக்சிஜன் தடையில்லாமல். இவ்வளவும் சரியாக அமைந்தால் ஒரு செல் ஏறத்தாழ ஒரு நாளில் இரண்டாகும்.

போதுமான அளவு பெருகியதும் மீடியாவின் சேர்மானத்தை மாற்றுவார்கள். செல்கள் பெருகுவதை நிறுத்திவிட்டு ஒன்றோடொன்று இணைந்து நீண்ட தசைநார்களாகும். கடித்தால் இறைச்சி போலிருக்க ஒரு சட்டகம் வேண்டும். சோயாப் புரதம், கடற்பாசிப் பசை போன்றவற்றால் அதைச் செய்கிறார்கள். இரத்தக் குழாய் இல்லாத திசுவில் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு ஆழம் வரைதான் ஊடுருவும். தடித்த துண்டு இறைச்சி அரிதாகவும் அரைத்த இறைச்சி அதிகமாகவும் வருவதற்குக் காரணம் அதுதான்.

எல்லோரும் இந்த நடைமுறையைப் பின்பற்றுவதில்லை. சாதாரணச் செல்கள் குறிப்பிட்ட தடவை பிரிந்ததும் நின்றுவிடும். அதனால் பல நிறுவனங்கள் ஓயாமல் பெருகக்கூடிய செல் வகையைத் தேர்ந்தெடுக்கின்றன. கோழியின் இணைப்புத்திசுச் செல்கள் இதற்குப் பேர்போனவை. அப்போது தட்டில் வருவது அச்சு அசல் தசை கிடையாது. சுவைக்கு அது பெரிய குறையில்லை. ஆனால் "ஒரு கிலோ இறைச்சி" என்று எதை எடைபோட்டார்கள் என்பது பின்னால் வரும் கணக்குக்கு முக்கியம்.

எங்கள் மருந்துத் தொழிலுக்கும் இதற்கும் உள்ள ஒரு வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வேண்டிய சரக்கு நீரில் இருக்கிறது. அறுவடை நாளில் நீரை வைத்துக்கொண்டு செல்களை வீசிவிடுவோம். இறைச்சிக்காரர்கள் செல்களை வைத்துக்கொண்டு நீரை வீச வேண்டும். எங்களுக்குச் சில கிராம் சரக்கு கிடைத்தாலே செலவுக்குக் கட்டுப்படியாகும். அவர்களுக்கு டன் கணக்கில் வேண்டும். கருவி, சுத்தம், மூலப்பொருள் என்று எங்கள் உலகத்திலிருந்து எதை அப்படியே கொண்டுபோனாலும், கிராமுக்குக் கட்டுப்படியானது டன்னுக்குக் கட்டாது.

ஒரு கிலோவுக்குக் கணக்குப் போடுங்கள்

தாளை எடுங்கள். விலங்குச் செல் ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 15 மைக்ரான். அதன் எடை சுமார் 2 நானோகிராம். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு 50,000 கோடி செல்கள் வேண்டும்.

10 லட்சம் செல்களோடு தொடங்கினால் அங்கே போய்ச்சேர எத்தனை தடவை இரட்டிக்க வேண்டும்? ஐந்து லட்சம் மடங்கு, அதாவது 19 இரட்டிப்பு. நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். மாடு வளர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். முதலீட்டாளர்களை மயக்குகிற கணக்கு இந்த வேகம்தான். கணக்கில் தப்பும் இல்லை.

இப்போது நீரைக் கணக்கிடுங்கள். நன்றாக நடக்கிற தொட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி செல்கள் இருக்கும். ஒரு லிட்டருக்கு 1,000 கோடி, எடையில் 20 கிராம். ஆக ஒரு கிலோ செல்லுக்கு 50 லிட்டர் மீடியா. பழைய மீடியாவை ஓயாமல் வெளியேற்றிப் புதியதைச் செலுத்தும் முறையில் அடர்த்தியைப் பத்து மடங்காக்கலாம்; தொட்டி சிறியதாகும், ஆனால் உள்ளே பாயும் மீடியாவின் அளவு அதே விகிதத்தில் குறையாது.

அடுத்து தொட்டி. மருந்துத் தொழிலில் விலங்குச் செல்லுக்கென்று கட்டப்படும் பெரிய தொட்டிகள் 20,000 லிட்டர் அளவில் இருக்கும். ஒரு தடவைக்கு 400 கிலோ கிடைக்கும். கழுவி, கிருமி நீக்கி, மறுபடி நிரப்பி வளர்க்க பத்து நாள் என்று வைத்தால் ஆண்டுக்கு 36 தடவை, சுமார் 14 டன். உலகம் ஆண்டுக்கு 35 கோடி டன்னுக்கு மேல் இறைச்சி உற்பத்தி செய்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் இப்படிச் செய்ய ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொட்டிகள் வேண்டும். அடர்த்தியைப் பத்து மடங்காக்கினாலும் இருபத்தைந்தாயிரம்.

இது தோராயக் கணக்கு. சதவீதப் புள்ளிவரைக்கும் நம்ப வேண்டாம். ஆனால் "அடுத்த சில ஆண்டுகளில் பண்ணைகளே இருக்காது" என்று ஒரு செய்தி சொன்னால், இந்த எண்ணை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

எந்த விலங்கோடு ஒப்பிட்டார்கள்?

செய்தியில் சதவீதத்தைப் பார்த்தவுடன் நான் தேடும் முதல் விஷயம் இது. "வழக்கமான இறைச்சியைவிட" என்று எழுதியிருப்பார்கள். வழக்கமான இறைச்சி என்று ஒரே பொருள் கிடையாது.

ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் உலகெங்கும் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைத் திரட்டி 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். 100 கிராம் புரதத்துக்கு எவ்வளவு பசுங்குடில் வாயு என்று பாருங்கள்: இறைச்சிக்காகவே வளர்க்கும் மாட்டுக்கு சராசரி 50 கிலோ, பால் பண்ணையிலிருந்து வரும் மாட்டிறைச்சிக்கு 17, பன்றிக்கு 7.6, கோழிக்கு 5.7, சோயாக் கட்டியான டோஃபுவுக்கு 2. ஒரே பெயரில் விற்கும் மாட்டிறைச்சிக்குள்ளேயே மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது. மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் எதுவும் பச்சையாகத் தெரியும். கோழியோடு ஒப்பிட்டால்தான் சோதனை. பயறோடு ஒப்பிட்டால்? அந்தப் படத்தை எந்த நிறுவனமும் விளம்பரத்தில் போடாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2020 டிசம்பரில் சிங்கப்பூரில் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததும் கோழிச் செல், 2023 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் இரண்டு நிறுவனங்களுடையதும் கோழிச் செல். ஆனால் சுற்றுச்சூழல் பேச்சு வந்தால் பசுவின் ஏப்பத்தில் வரும் மீத்தேன்தான் முன்னால் நிற்கிறது. கோழி மீத்தேன் ஏப்பம் விடுவதில்லை. ஆகவே கோழிச் செல்லை விற்பவர் மாட்டுக் கணக்கைக் காட்டினால் அந்த வரியை அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை நான் தாராளமாக விட்டுக்கொடுப்பேன். மேலே சொன்ன அதே ஆய்வின்படி விலங்குப் பொருள்கள் உலக விவசாய நிலத்தில் 83 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, நமக்குக் கிடைக்கும் கலோரியில் 18 சதவீதத்தையும் புரதத்தில் 37 சதவீதத்தையும்தான் தருகின்றன. மேய்ச்சல் நிலம் வேண்டாத எந்த முறையும் இங்கே ஜெயிக்கும். ஆய்வக இறைச்சி பற்றிய ஆய்வுகள் பல விஷயங்களில் முட்டிக்கொண்டாலும், மாட்டிறைச்சியைவிட நிலம் வெகுவாக மிச்சம் என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

மாட்டின் உடல் பல வேலைகளைச் சத்தமில்லாமல் செய்கிறது. சூட்டைத் தானே சமன் செய்துகொள்ளும். சிறுநீரகம் கழிவை வடிகட்டும். நுரையீரல் ஆக்சிஜன் தரும். கிருமி நுழைந்தால் எதிர்க்க ஒரு படையே உள்ளே இருக்கும். இவற்றைத் தொட்டிக்கு நாம் வெளியிலிருந்து, மின்சாரம் கொண்டு, கொடுக்க வேண்டும். சிறு குடுவையைச் சூடாக வைக்க வேண்டும். பெரிய தொட்டியிலோ செல்களே வெளியிடும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்ட வேண்டும். கலக்கி, காற்று செலுத்தி, நீராவியால் கிருமி நீக்கி, நீரைப் பலமுறை சுத்திகரித்து, அறையின் காற்றை வடிகட்டி... என் வேலையிடத்தில் செல்களைவிட அவற்றைச் சுற்றியுள்ள இயந்திரங்கள்தான் அதிகம் சத்தம் போடும்.

இந்த இடத்தில்தான் ஆய்வுகள் பிரிகின்றன. ஹன்னா துவோமிஸ்டோவும் உடன் ஆய்வாளரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு முதல் பெரிய கணக்கு: ஐரோப்பாவின் வழக்கமான இறைச்சியைவிட பசுங்குடில் வாயு 78 முதல் 96 சதவீதம் குறைவு, நிலம் 99 சதவீதம் குறைவு, நீர் 82 முதல் 96 சதவீதம் குறைவு. இன்றும் சுற்றில் இருக்கும் பல சதவீதங்களுக்கு ஊற்றுக்கண் இதுதான். ஆனால் அன்று அப்படியொரு தொழிற்சாலையே கிடையாது. செல்களின் தீனி நீலப்பச்சைப் பாசியிலிருந்து வரும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 2015இல் கரோலின் மேட்டிக் குழு வேறு அனுமானங்களோடு போட்டபோது, நிலம் குறைந்தாலும் தொழிற்சாலை ஆற்றல் கூடும் என்று வந்தது.

2019இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் லிஞ்ச், ரேமண்ட் பியர்ஹம்பர்ட் இருவரும் வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பிடித்த ஆய்வு இது. மாடு தருவது பெரும்பாலும் மீத்தேன். அது கடுமையாகச் சூடேற்றும், ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் வளிமண்டலத்தில் சிதைந்துவிடும். தொழிற்சாலை தருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அது நூற்றாண்டுக் கணக்கில் தேங்கி நிற்கும். 1,000 ஆண்டுவரை மாதிரி ஓட்டிப் பார்த்ததில், அழுக்கு மின்சாரத்தில் இயங்கும் ஆய்வக இறைச்சி தொடக்கத்தில் நல்லதாகவும் நெடுங்காலத்தில் மோசமாகவும் மாறக்கூடும் என்று தெரிந்தது. இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லா வாயுவையும் "கார்பன் சமானம்" என்று ஒரே எண்ணாக்கிக் கொடுத்திருந்தால், அதில் மீத்தேன் எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

பெல்லே சின்கே குழுவின் 2023 ஆய்வு நிறுவனங்களிடமிருந்தே தரவு வாங்கிப் போட்டது. புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றால் மாட்டிறைச்சியைவிட நன்கு குறைவு, கோழிக்கு ஏறத்தாழச் சமம் என்கிற பக்கம் அது சாய்கிறது. அதுவும் 2030இல் இருக்கக்கூடிய ஆலையை வைத்துப் போட்ட கணக்கு. இன்று ஓடும் ஆலையின் மின்கட்டண ரசீதைப் பார்த்துப் போட்டது இல்லை.

செய்தியில் "புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பயன்படுத்தினால்" என்ற தொடர் எங்கேயாவது இருக்கும், பெரும்பாலும் கடைசிப் பத்தியில். அதைத் தேடி அடிக்கோடிடுங்கள்.

மீடியாவைத் தோண்டுங்கள்

மின்சாரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மீடியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் எனக்குத் தெரிந்த வேலை இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

செல் வளர்ப்பில் காலங்காலமாக ஊற்றப்பட்ட பொருள் கன்றுக்கரு சீரம். கர்ப்பமான பசு இறைச்சிக்கூடத்துக்கு வரும்போது கருவின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. விலங்கைக் கொல்லாத இறைச்சி என்ற பேச்சை அதன் அடிவேரிலேயே வெட்டிவிடும் பொருள். மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட் 2013 ஆகஸ்டில் லண்டனில் பொரித்துக் காட்டிய முதல் பர்கரின் செல்களும் சீரத்தில் வளர்ந்தவைதான். இன்று சீரமில்லா மீடியா நிறைய வந்துவிட்டது. சிங்கப்பூரில் கோழி விற்ற நிறுவனமும் 2023 ஜனவரியில் அதற்கு அனுமதி பெற்றது. "சீரம் உண்டா?" என்பது முதல் கேள்வி. பல இடங்களில் பதில் "இல்லை" என்றே வரும், மகிழ்ச்சி.

அங்கேயே நின்றுவிடாதீர்கள். சீரத்தை எடுத்துவிட்டால் அது செய்த வேலையைத் தனித்தனிப் புரதங்கள் செய்ய வேண்டும்: அல்புமின், இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், நார்ச்செல் வளர்ச்சிக் காரணி, இன்னும் சில. ஒவ்வொன்றையும் வேறொரு தொட்டியில், பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ, நொதிக்க வைத்துப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். வளர்ச்சிக் காரணி மிகச் சிறிய அளவே வேண்டும், ஆனால் 37 டிகிரியில் விரைவாகக் கெட்டுப்போகும். மறுபடி மறுபடி சேர்க்க வேண்டும். அல்புமின் விலை குறைவு, ஆனால் அளவு அதிகம். இவை தவிரச் சர்க்கரையும் அமினோ அமிலமும். அவை ஏதோ ஒரு வயலில் விளைந்த சோளத்திலிருந்தோ சோயாவிலிருந்தோதான் வரும். அந்த வயல் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக் கட்டுரையில் "ஆய்வின் எல்லை" என்ற பகுதியில் இது இருக்கும். பெரும்பாலும் ஒரு கட்டம் போட்ட படம், உள்ளே என்னென்ன, வெளியே என்னென்ன என்று. என்னைக் கேட்டால் முடிவுரையைப் படிக்கும் முன் அந்தப் படத்தைப் பாருங்கள். கட்டத்துக்கு வெளியே நிற்பவற்றில்தான் ஆய்வின் குணம் தெரியும்.

அடுத்து சுத்தத்தின் தரம். விலங்குச் செல் ரொம்பவும் தொட்டாற்சுருங்கி. சில பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற பொருள் மிகச் சிறிய அளவில் இருந்தாலே செல்லின் நடத்தை மாறும். மருந்துத் தொழிலில் அதை விரட்டவே பெரும் செலவு செய்கிறோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து டெரிக் ரிஸ்னர் குழு 2023இல் ஒரு முன்பதிப்பை, அதாவது மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் முன்பே வெளிவரும் கட்டுரையை, வெளியிட்டது. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த மீடியாவைப் பயன்படுத்தினால், ஆய்வக இறைச்சியின் புவி வெப்பத் தாக்கம் மாட்டிறைச்சியின் இடைநிலை அளவைவிட 4 முதல் 25 மடங்கு அதிகமாகலாம் என்றது. செய்தித்தாள்கள் "ஆய்வக இறைச்சி 25 மடங்கு மோசம்" என்று தலைப்புப் போட்டன. அந்த "பயன்படுத்தினால்" எங்கே போயிற்று? உணவுத் தரமான மூலப்பொருளால் வளர்த்துக் காட்டினால் எண் வேறு. உணவுத் தரத்துக்குப் போவோம் என்று தொழில்துறையினர் அதற்குப் பதில் சொல்கிறார்கள். போக முடியும் என்றே நானும் நினைக்கிறேன், ஏனென்றால் உண்பதற்கும் ஊசியில் ஏற்றுவதற்கும் ஒரே சுத்தம் தேவையில்லை. ஆனால் உண்பவரின் வயிறு பொறுத்துக்கொள்வதைச் செல் பொறுத்துக்கொள்ள வேண்டுமே. அதைப் பெரிய தொட்டியில், ஆண்டு முழுக்க, காட்ட வேண்டும்.

ஆகவே தாளில் இப்படி எழுதுங்கள்: சீரம் உண்டா இல்லையா, அமினோ அமிலம் எதிலிருந்து, தரம் மருந்தா உணவா, பயன்படுத்திய மீடியா மறுசுழற்சியா, வடிகாலா. நான்கில் இரண்டுக்காவது பதில் இல்லாத செய்தியில் வரும் சதவீதத்தை மேற்கோள் காட்டாதீர்கள்.

கெட்டுப்போன தொட்டியைக் கணக்கில் எடுத்தார்களா?

இது ஆய்வுகளில் சிறிய வரி, தொட்டியோடு வாழ்பவர்களுக்குப் பெரிய விஷயம். நம் செல் ஒரு நாளில் ஒரு முறை இரட்டிக்கும். பாக்டீரியா வசதி கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை. திறந்து வைத்த சர்க்கரை டப்பாவை எறும்பு கண்டுபிடிப்பதுபோல, அந்தச் சத்து நீரை அது எப்படியோ கண்டுபிடித்துவிடும். குடுவையில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்த மீடியா ரோஜா நிறத்தில் இருக்கும். மாலையில் ரோஜாவாக விட்டுப்போனது காலையில் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தால் நுண்ணோக்கி எடுத்துவர வேண்டியதில்லை. குடுவை என்றால் ஊற்றிவிட்டு வேறு எடுக்கலாம். இருபதாயிரம் லிட்டர் என்றால் அத்தனை மீடியாவும் அத்தனை மின்சாரமும் வீண். ஒரு வால்வின் ரப்பர் வளையம் போதும் அதற்கு.

நோய்த்தடுப்புக்கு ஆன்டிபயாடிக் போடுவதில்லை என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. கால்நடைப் பண்ணைகளில் அது வாரியிறைக்கப்படுவதைப் பார்க்கும்போது இதுவே பெரிய நன்மை. அந்த நன்மையோடு சேர்த்து, நூறு தொட்டியில் எத்தனை வீணாகிறது, அந்த வீண் எண் கார்பன் கணக்கில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பொட்டலத்தில் எத்தனை சதவீதம்?

2024இல் சிங்கப்பூரில் ஒரு கடையில் சில்லறையாக விற்ற ஆய்வகக் கோழியில் செல் பங்கு 3 சதவீதம். மீதி தாவரப் புரதமும் பிறவும். அதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன், பொட்டலத்தின் பெயரிலேயே அந்த மூன்று இருந்தது. ஆனால் அதன் சுற்றுச்சூழல் நன்மையில் பெரும்பகுதி சோயா செய்த வேலை. அந்த 3 சதவீதத்தை எடுத்துவிட்டால் நன்மை குறையுமா, கூடுமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. முழுத் துண்டு இறைச்சியைத் தொட்டியில் வளர்க்கும் ஆசையைவிட, கொழுப்புச் செல்லை மட்டும் வளர்த்துத் தாவரப் புரதத்தோடு கலப்பது புத்திசாலித்தனம். வாசமும் சுவையும் கொழுப்பில் இருக்கின்றன. குறைந்த அளவு போதும். தொட்டிக் கணக்கு சட்டென்று இறங்கிவரும். மிஷன் பார்ன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பன்றிக் கொழுப்புச் செல்லுக்கு 2025 மார்ச்சில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் மறுகேள்வி இல்லை என்று கடிதம் கொடுத்தது. இந்தத் திசையில் வரும் செய்திகளை நான் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடு படிக்கிறேன்.

அனுமதி, தடை, விலை

இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். சிங்கப்பூர் 2020, அமெரிக்கா 2023, இஸ்ரேல் 2024 ஜனவரியில் மாட்டிறைச்சிக்கு, பிரிட்டன் 2024 ஜூலையில் செல்லப் பிராணித் தீனிக்கு, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2025இல் காடைக்கு அனுமதி தந்தன. இத்தாலி 2023 நவம்பரில் தடை செய்தது. ஃபுளோரிடா 2024 மே மாதத்தில். அனுமதி என்றால் தின்றால் ஆபத்தில்லை என்று அதிகாரிகள் ஏற்றார்கள் என்று பொருள். கார்பனைப் பற்றி அந்தத் தாள்களில் ஒன்றும் இருக்காது. தடைக்குப் பின்னாலும் அந்தக் கணக்கைத் தேடாதீர்கள், அது பெரும்பாலும் பண்ணைக்காரர்களின் வாழ்வு பற்றிய அரசியல்.

விலையை ஒரே காரணத்துக்காகப் பாருங்கள்: விலை எங்கே கூடுகிறதோ அங்கே பெரும்பாலும் ஆற்றலும் சுத்திகரிப்பும் ஒளிந்திருக்கும். 2013 பர்கருக்கு இரண்டரை லட்சம் யூரோ செலவானது. டேவிட் ஹம்பர்ட் 2021இல் பெரும் ஆலைக்குப் போட்ட பொறியியல் கணக்கில், சாதகமான சூழலிலேயே ஒரு கிலோ செல்லின் உற்பத்திச் செலவு 37 டாலர், அதுவும் ஆலை வாசலில். கடைவிலை இல்லை. நிறுவனம் சொல்லும் விலை இதைவிடப் பல மடங்கு கீழே இருந்தால், எந்த அனுமானத்தை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் அநேகமாக மீடியாவாக இருக்கும்.

ஒரு முழு உதாரணம்

"ஆய்வக இறைச்சி 92 சதவீதம் கார்பனைக் குறைக்கும்." இந்த எண் பல இடங்களில் சுற்றுகிறது. தாளில் இறக்கிப் பார்ப்போம்.

எந்த விலங்கு? மாட்டிறைச்சி. கோழி என்றால் இந்த எண்ணைத் தந்த ஆய்வே காட்டும் லாபம் இதில் சிறு பகுதிதான். மின்சாரம்? புதுப்பிக்கத்தக்கது என்ற நிபந்தனையோடு. வழக்கமான மின்கட்டமைப்பு என்றால் எண் மாறும். மீடியா? உணவுத் தரம் என்ற அனுமானம். ஆலை? 2030இல் இருக்கப்போவது. இப்போது அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்: "2030 வாக்கில் பெரிய ஆலைகள் உணவுத் தரமான மீடியாவிலும் தூய மின்சாரத்திலும் ஓடினால், மாட்டிறைச்சிக்கு மாற்றாக உண்ணப்படும் பங்கில் 92 சதவீதம் வரை குறையக்கூடும்." தலைப்புக்கு உதவாத நீளம்தான். ஆனால் இதை யாரிடம் சொன்னாலும் மறுக்க முடியாது. "25 மடங்கு மோசம்" என்ற செய்திக்கும் இதே வேலையைச் செய்யுங்கள். இரண்டு திருத்தப்பட்ட வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவை சண்டையிடவில்லை என்று தெரியும். ஒரே தொட்டிக்குள் போகும் இரண்டு குழாய்களை, மின்சாரத்தையும் மீடியாவையும், வேறு வேறு அளவில் திறந்து வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

தாளின் அடியில் ஒரு கட்டத்தை நான் எப்போதும் காலியாக விடுவேன்: மிச்சமாகும் நிலம் என்னவாகும்? மேய்ச்சல் நிலம் மறுபடி காடானால் அது பல பத்தாண்டுகள் கார்பனை இழுத்துக்கொள்ளும். அந்த லாபம் தொட்டியின் மின்கட்டணத்தை ஈடுகட்டக்கூடும். அதே நிலம் வேறு பயிருக்கோ கட்டடத்துக்கோ போனால் அந்த லாபம் கிடையாது. ஆய்வு எழுதியவர் இதில் எதை எடுத்துக்கொண்டார் என்று பார்த்து, அதைக் கட்டத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் "சொல்லவில்லை" என்று எழுதுங்கள்.